கடைக்காரரும் கொள்வோர் மனமும்



என் சிறுபராயத்தில் எங்கள் ஊர்ச் சந்தியில் இரு பலசரக்குக் கடைகள் இருந்தன. இரண்டிலும் ஒரே சரக்கு; ஒரே விலை. ஆயினும் மேற்குப் பக்கத்துக் கடையில் எந்நேரமும் சனக்கூட்டம். கிழக்குப் பக்கத்துக் கடைக்காரரோ ஈயோட்டிக்கொண்டிருப்பார். இதன் காரணத்தை என் தந்தையார் ஒருநாள் எனக்கு விளக்கினார். கிழக்குக் கடைக்காரர் தராசுத் தட்டிலே சீனியை நிறையக் கொட்டிவிட்டுப் பின்பு அள்ளி அள்ளிக் குறைப்பார். மேற்குக் கடைக்காரர் முதலிற் குறையப் போட்டுப் பின்பு சிறிது சிறிதாகக் கூட்டுவார். ஈற்றில் இருவர் கொடுப்பதும் அதே ஓர் இறாத்தல்தான். ஆனால் முன்னவரிடம் வாங்கியவர் எதையோ பறிகொடுத்தவர்போலப் போவார். பின்னவரிடம் வாங்கியவர் எதையோ மேலதிகமாகப் பெற்றவர்போலப் போவார்.

கொள்வோர் மனத்தை அறிந்து விற்கும் இக்கலை, இக்காலத்துப் பெருநிறுவனங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. சிறுகடைகளிலேதான் அது பிறந்து வளர்ந்தது. இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடைய தோமஸ் லிப்டனின் வரலாறாகும்.

லிப்டன் 1848ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகள். வெண்ணெயும் முட்டையும் உப்பிட்ட பன்றியிறைச்சியும் விற்கும் சிறுகடையொன்றை நடத்தினர். சிறுவன் லிப்டன் ஒருநாள் தந்தையாரிடம், “முட்டையை அம்மாவே எடுத்துக் கொடுக்கட்டும், அவருடைய சிறிய கையில் முட்டை பெரிதாகத் தோன்றும்” என்றானாம். இளமையில் அமெரிக்கா சென்ற அவர் பல தொழில்கள் செய்து, இறுதியில் நியூயோர்க் நகரத்துப் பெரிய கடையொன்றிற் பணிபுரிந்தார். பொருள்களை அழகுற அடுக்கும் முறையையும் வருவோரை இன்முகத்துடன் வரவேற்கும் பண்பையும் அங்கே கற்றார். ஊர் திரும்பி, 1871இற் கிளாஸ்கோவிலே தமது முதற் கடையைத் திறந்தார்.

அதன்பின் அந்நகரத்தார் கண்ட காட்சிகள் வியப்பானவை. கொழுத்த பன்றிகளைக் குளிப்பாட்டி, நாடா கட்டி, ‘லிப்டனின் அநாதைகள்’ என்று பெயரிட்டு வீதிவழியே நடத்திச் சென்றார். கடைவாயிலில் இரு கண்ணாடிகளை வைத்தார்: உள்ளே போகிறவர் முதற் கண்ணாடியில் மெலிந்து வாடித் தோன்றுவார்; வெளியே வருகிறவர் மற்றையதிற் கொழுத்துச் சிரித்துத் தோன்றுவார். 1881ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் அமெரிக்காவிலிருந்து மாபெரும் பாற்கட்டியொன்றைத் தருவித்து, அதனுள்ளே பொற்காசுகளைப் புதைத்துத் துண்டு துண்டாக விற்றார். கூட்டத்தை அடக்கப் பொலீசார் வர நேர்ந்தது.

முதலாவது ஆவலைத் தூண்டிற்று; இரண்டாவது நகைப்பை எழுப்பிற்று; மூன்றாவது எதிர்பார்ப்பை வளர்த்தது. ஆயினும் உள்ளே நல்ல சரக்கு இல்லையெனின் அக்கூட்டம் ஒருநாட் கூட்டமாகவே முடிந்திருக்கும். அவரோ இடைத்தரகரை விலக்கி, உற்பத்தி செய்வோரிடம் நேரே வாங்கிக் குறைந்த இலாபத்தில் விற்றார். அதனால் வந்தவர் மீண்டும் வந்தனர்; ஒரு கடை பல கடைகளாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1869இற் காணப்பட்ட இலைநோயால் இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் வாணிப நோக்கோடு பயிரிட்ட தேயிலை, கோப்பியின் இடத்தைப் பிடித்தது. 1890இல் இங்கு வந்த லிப்டன், அப்புத்தளைப் பகுதியிலுள்ள தம்பேத்தன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார்.

அக்காலத்திற் கடைக்காரர் தேயிலையைப் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்தே கொடுத்தனர். தூசு கலந்திருக்குமோ, நிறை குறையுமோ என்ற ஐயம் வாங்குவோர்க்கு எப்போதும் உண்டு. லிப்டன் கால், அரை, ஓர் இறாத்தற் பொதிகளில் அடைத்து விற்று அவ்வையத்தைப் போக்கினார். அவ்வவ்வூர்த் தண்ணீருக்கு ஏற்றவாறு கலந்த தேயிலை என்று விளம்பரஞ் செய்து, தம் ஊரையே அவர் எண்ணிப் பார்த்தார் என்ற உணர்வை ஊட்டினார். ‘தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு’ என்ற வாசகம் எங்கும் பரவியது.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அவர் விற்ற தேயிலையில் ஒரு பகுதியே அவருடைய சொந்தத் தோட்டங்களில் விளைந்தது. விளம்பரப் படத்திலே கூடை சுமந்து நின்றவள் ஒரு தமிழ்ப் பெண். அப்படம் ஆங்கில இல்லத்தரசிக்கு மலைக்காற்றின் தூய்மையைக் காட்டிற்று; அப்பெண் வாழ்ந்த லயத்து அறையைக் காட்டவில்லை. தொழிலாளரைக் கடனாற் பிணித்த ‘துண்டு’ முறை 1921இலேதான் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். அந்நிலையில் எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே உரிமை வழங்கிற்று. பொதியிலிருந்த முகத்தை உலகம் அறிந்தது, அம்முகத்துக்குரியவளை அறியவில்லை.

அவ்வாறாயின் மனமறிந்து விற்பது தீதா? அன்று. விலைப்பட்டியலைத் தெளிவாக எழுதி வைப்பதும், பழகியவரைப் பெயர் சொல்லி அழைப்பதும், குழந்தைக்கு ஓர் இனிப்புக் கொடுப்பதும் மனமறிந்த செயல்களே. சிறுகடைக்காரருக்கு முதலைவிட இவையே பெரிய துணை. எல்லையை அறிய எளிய வழி ஒன்றுண்டு: நாம் செய்யும் உபாயம் வாங்குபவருக்கு முழுவதும் தெரிந்துவிட்டால், அவர் மறுபடியும் நம்மிடம் வருவாரா? இதனைக் கடைக்காரர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டும்.

என் தந்தையார் மேற்குக் கடைக்காரரின் தராசு உபாயத்தை நன்கறிந்திருந்தார். கடைக்காரர் சீனியைச் சிறிது சிறிதாகக் கூட்டும்போது இவர் புன்னகை செய்வார். அவரும் பதிலுக்குப் புன்னகை செய்வார். நிறை ஒருநாளும் குறைந்ததில்லை. என் தந்தையார் தம் இறுதிக்காலம்வரை அக்கடையிலேயே சீனி வாங்கினார்.