ஹெடர் கோப்பு சொல்லாதது: பைதான்–க்யூட்டி பிணைப்பில் ஓர் உடைமை விசாரணை

கம்பைல் செய்யப்பட்ட வரைகலை இடைமுகக் கூறுகளை ஸ்கிரிப்ட் மொழியொன்றின் வசமாக்கும் பிணைப்பு, சாராம்சத்தில் வகைமாற்றமே என்றும், ஹெடர் கோப்பைச் செவ்வனே படிக்கவல்ல கருவி கிடைத்துவிட்டால் எஞ்சியதெல்லாம் இயந்திர காரியமே என்றும் ஒரு கட்சி நெடுங்காலமாகச் சாதித்து வருகிறது. 1990களில் பிணைப்புக் கருவியான ஸ்விக் அடைந்த வெற்றி அக்கட்சிக்குப் பெரும் பலமளித்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், க்யூட்டி வரைகலை நூலகத்தின் பைதான் பிணைப்பான பைக்யூட்டியில், பிணைப்பை விவரிக்கும் சிப் கோப்புகளை அவற்றுக்கு மூலமான ஹெடர்களோடு ஒப்புநோக்குவோர் வேறொரு முடிவுக்கே வர நேரும் என்பது என் அபிப்பிராயம்.

க்யூட்டியின் அட்டவணை விட்ஜெட்டிலுள்ள செட்ஐட்டம் என்பதையும், காட்சி விட்ஜெட்டுகளிலுள்ள செட்மாடல் என்பதையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். கட்டத்தின் இடத்தைக் குறிக்கும் எண்களை ஒதுக்கிவிட்டால், இரண்டும் ஒரு பாயிண்டரை வாங்கிக்கொண்டு எதையும் திருப்பித் தராத ஃபங்ஷன்களே. ஹெடரை எத்தனை முறை புரட்டினாலும் உடைமை விஷயத்தில் அவற்றிடையே பேதம் காண இயலாது. முன்னதோ, தன்னிடம் வந்த உருப்படியை உடைமையாக்கிக்கொண்டு, அட்டவணை அழியும்போது அதனையும் அழிக்கிறது. பின்னதோ, மாடலை உபயோகித்துக்கொள்வதன்றி உரிமை கொண்டாடுவதில்லை. ஆகவேதான் சிப் கோப்பில் முன்னதற்கு ‘டிரான்ஸ்ஃபர்’ என்ற குறியும், பின்னதற்கு ‘கீப்ரெஃபரன்ஸ்’ என்ற குறியும் இடப்பட்டிருக்கின்றன. முதற்குறி விடுபட்டுப்போனால், பைதானில் அவ்வுருப்படிக்குரிய கடைசி ரெஃபரன்ஸ் நீங்கிய கணமே பொருள் அழிந்து, எழுத்திருந்த கட்டம் பிழைச் செய்தி ஏதுமின்றி வெறுமையாகும். பின்னதற்கும் அம்முதற்குறியையே இட்டுவிட்டாலோ, தாய்ப்பொருளற்ற மாடலை அழிக்கும் கடமை எவருக்கும் இல்லாமற்போய், நிரல் முடியுமட்டும் அது நினைவகத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

குறியிட்டவர் இதனை எங்ஙனம் அறியக்கூடும்? அட்டவணை உரிமையை ஏற்கிறது, காட்சி ஏற்பதில்லை என்று க்யூட்டியின் ஆவணம் சாதாரண உரைநடையில் சொல்லுகிறது. அதைத் தவிர வேறு வழியொன்றும் எனக்குப் புலப்படவில்லை. சூத்திரம் மௌனம் சாதிக்குமிடத்தில் உரைகாரர் பேசுவதுபோல, சிப் கோப்பு பேசுகிறது. இரண்டு ஃபங்ஷன்களைக் கொண்டு ஒரு நூலகம் முழுமைக்கும் விதி வகுப்பது சாகசமே. எனினும், கொடுத்த உருப்படியை மீட்டுத் தரும் டேக்ஐட்டத்துக்கு ‘டிரான்ஸ்ஃபர்பேக்’ என எதிர்க்குறி இட்டிருப்பதைக் காண்கையில், இது தற்செயல் அன்றென்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

சி நூலகங்களுக்குப் பிணைப்பு அமைக்க உதவும் ஜிஓப்ஜெக்ட் இன்ட்ரோஸ்பெக்ஷன், உடைமையைக் கண்டறியும் இவ்வேலையைத் தானே செய்துவிடுகிறதே என்பார் உளர். அது படிப்பது, ‘டிரான்ஸ்ஃபர் ஃபுல்’, ‘டிரான்ஸ்ஃபர் நன்’ என்று நூலகக் கர்த்தாக்கள் சி நிரலின் கமென்ட்டுகளில் தம் கைப்பட எழுதிவைத்தவற்றை. உழைப்பு இடம் மாறியதேயன்றி ஒழியவில்லை. டிசிஎல் மொழியோடு உடன்பிறந்த வரைகலைத் தொகுப்பான டிகே, விட்ஜெட்டைப் பாயிண்டரால் அன்றிப் பெயரால் அழைப்பதாகலின், அதனை இங்கு உதாரணம் காட்டுவது பொருந்தாது.

இவற்றினும் வலிய சான்று, அதே க்யூட்டிக்கென 2009இல் நோக்கியாவின் ஆதரவில் வெளிவந்த பைசைடு. அதன் கருவியாகிய ஷிபோகென், ஹெடர்களைத் தானே படித்து வகைகளைப் பிரித்தறிய வல்லது. அங்ஙனமிருந்தும், எப்பொருளுக்கு எது தாய், உரிமை சி ப்ளஸ் ப்ளஸ் பக்கமா பைதான் பக்கமா என்பவற்றை, எக்ஸ்எம்எல் வடிவிலான தனிக் கோப்புகளில் மனிதரே எழுதித் தர வேண்டியதாயிற்று.