கோழிக்கோட்டின் அண்டை அயலார்

முதியோரைப் பேணுதல் அவரவர் வீட்டுக் கடமை என்பர். மகனும் மருமகளும் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றுவிட்ட வீட்டில் அக்கடமையை யார் ஆற்றுவது? கேரளம் கண்ட விடையை நாம் அறிதல் நன்று.

1993ஆம் ஆண்டு கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் இராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களுடன் வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். மருத்துவமனைவரை வர இயலாதோர் பலர் என்பது விரைவில் புலனாயிற்று. எனவே, 2001 அளவில் அப்பணி அண்டை அயலார் கைக்கு வந்தது. தொண்டர்கள் பயிற்சி பெற்றனர். ஊராரின் சிறு நன்கொடைகளே முதல். நோயாளரோடு, படுக்கையில் கிடந்த முதியோரையும் அவர்கள் குளிப்பாட்டினர், புண்ணைத் துடைத்தனர், அருகமர்ந்து பேச்சுக் கேட்டனர். தீண்டாமையை உடலால் அறிந்த நமக்கு, அயலார் கை தயங்காது புண்ணைத் தொடுவது சிறு செய்தியன்று.

2008இல் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாக ஏற்றது. பின்னர் ஊராட்சிகள் செவிலியரை வீடுதோறும் அனுப்பலாயின. அவர்களுடன் ஊர்த் தொண்டரும் சென்றனர்.