மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம்

குறும்படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் ஒலிக்கருவி என்றதும் முதலில் ரெக்கார்டரைத்தான் விசாரிக்கிறார்கள். எத்தனை சேனல், எத்தனை பிட், என்ன வாடகை என்று பேச்சு அங்கேயே சுற்றுகிறது. படப்பிடிப்பு இடத்திலேயே வசனத்தைப் பதியும் வழக்கம் வளர்ந்த வரலாற்றைப் பார்த்தால் இந்த வரிசையே தலைகீழ் என்று தோன்றுகிறது. குரல் தேறியதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தவை, மைக் வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது, கேமரா எவ்வளவு இரைந்தது என்ற இரண்டும்தான்.

நாக்ரா என்ற ரெக்கார்டர் வந்ததால்தானே எல்லாம் சாத்தியமானது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த ஸ்டெஃபான் குடெல்ஸ்கி 1958இல் கொண்டுவந்த நாக்ரா 3, டார்ச்சுக்குப் போடும் பெரிய பேட்டரிகள் 12இல் ஓடியது. தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். கேமரா ஓடும் வேகத்தைக் காட்டும் சமிக்ஞையையும் பேச்சோடு சேர்த்து அதே கால் அங்குல டேப்பில் பதிந்தது. உதட்டசைவும் குரலும் பிசகாமல் பொருந்தின. ஆனால் அந்தப் பெட்டி தெருவுக்கு வந்ததும் என்ன நடந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 1960 கோடையில் ழான் ரூஷும் எட்கர் மொரேனும் பாரிஸில் ‘க்ரோனிக் துன் எத்தே’ படத்தை எடுத்தார்கள். அதில் மார்சலின் லோரிதான் நாக்ராவைத் தோளில் மாட்டி, சின்ன மைக்கை உடையில் பொருத்திக்கொண்டு தனியாக நடந்துபோகிறார். ஆஷ்விட்ஸுக்குத் தன்னோடு கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத தந்தையை நினைத்து, கிட்டத்தட்ட முணுமுணுப்பாகப் பேசுகிறார். கேமரா அவரைவிட்டு விலகி விலகிப் போகிறது, உருவம் சிறுத்துக்கொண்டே போகிறது, குரல் மட்டும் நம் காதருகிலேயே நிற்கிறது. அதே நாக்ராவைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்து, மைக்கை அங்கிருந்து நீட்டியிருந்தால் அந்த முணுமுணுப்பு கிடைத்தே இருக்காது.

காரணம் எளியது. திறந்த வெளியில் மைக் இரு மடங்கு தள்ளிப்போனால் குரல் 6 டெசிபல் இறங்கும். சுற்றியிருக்கும் போக்குவரத்துச் சத்தம் இறங்காது. இன்றைய 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருந்தால் கவலை இல்லை என்பது அடுத்த வாதம். திடீரென்று ஒருவர் கத்தினால் ஒலி உடையாமல் அது காப்பாற்றும், உண்மைதான். ஆனால் குரலோடு கலந்துவிட்ட ஏசி இரைச்சலையும் சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியையும் அதனால் பிரிக்க முடியாது. உடையில் குத்தும் மைக்கில் துணி உரசும் என்பதும் சரி. அதற்குத்தான் தலைக்கு மேல் பூம் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். வாடகைப் பட்டியலில் அந்த ஆளின் சம்பளத்தை முதல் வரியில் எழுதச் சொல்வேன்.

தமிழ் சினிமாவின் கதையும் இதற்குச் சாட்சி. 1931இல் ‘காளிதாஸ்’ வந்த காலத்தில் நடிகர்கள் கேமரா முன்னாலேயே பேசிப் பாடினார்கள். பிற்பாடு ஸ்டுடியோவை விட்டு வெளியே போனபோது துணைக்கு வந்த ஆரி 2சி கேமரா கைக்கு அடக்கமானது, ஆனால் ஓடும்போது கடகடவென்று இரையும். நாக்ரா இருந்தும் அது பெரும்பாலும் டப்பிங்குக்கு வழிகாட்டும் பைலட் டிராக் எடுக்கவே பயன்பட்டது. ரெக்கார்டர் இல்லாமலா குரல் ஸ்டுடியோவுக்குத் திரும்பியது? இரைந்தது கேமரா. வேடிக்கை பார்க்கும் கூட்டமும் தமிழ் பேச வராத நடிகைகளும் டப்பிங்குக்குக் காரணம்தான், அதை மறுக்கவில்லை. இந்தியில் ‘லகான்’ (2001) ஒரு கிராமமே நிறைந்த நடிகர் கூட்டத்தை வைத்துக்கொண்டு வசனத்தைத் தளத்திலேயே பதிந்து காட்டிய பிறகும், பெரிய படங்களில் மொழி தெரியாத நடிகர் என்ற காரணம் மட்டும் அப்படியே நிற்கிறது. நான்கைந்து பேரை வைத்து, அவரவர் ஊர்ப்பேச்சிலேயே எடுக்கும் குறும்படத்துக்கு அந்தக் காரணமும் கிடையாது. டிஜிட்டல் கேமராவிலும் அந்தக் கடகடப்பு இல்லை.