இராமானுஜனுக்குப் பின்: அக்சய் வெங்கடேசின் கல்விப் பயணம்

மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவர்க்குக் கணித மேதை என்றவுடன் நினைவுக்கு வருபவர் சீனிவாச இராமானுஜன் (1887–1920) ஆவார். துணையின்றித் தனித்து ஒளிர்ந்தவராகவே அவர் பெரும்பாலும் அறிமுகப்படுத்தப்படுகிறார். அவர் தொடங்கிய ஆய்வுத்துறையில் அண்மைக்காலத்தில் புகழெய்திய தமிழ்க்குடியினரான அக்சய் வெங்கடேசின் வாழ்வு வேறொரு பாடத்தைத் தருகிறது.

1916இல் இராமானுஜன் டௌ சார்பை ஆராய்ந்தார். அதில் 2க்குரிய மதிப்பு -24, 3க்குரியது 252, 6க்குரியது இவ்விரண்டின் பெருக்குத்தொகையாகிய -6048. பொதுக்காரணியற்ற எண்களுக்கெல்லாம் இவ்வியல்பு பொருந்தும் என்று அவர் கணித்ததை 1917இல் மோர்டெல் நிறுவினார். 1967 முதல் ராபர்ட் லாங்லாந்ஸ், இத்தகைய எண்களைச் சமச்சீர்மைக் குலங்களின்வழி நோக்கும் பெருந்திட்டத்தை வகுத்தார். குலத்தின் உறுப்புகளை அணிகளாக மாற்றி ஆராயும் உருவகிப்புக் கோட்பாடு அதன் அடித்தளங்களுள் ஒன்றாகும். எண் கோட்பாடும் உருவகிப்புக் கோட்பாடும் இவ்வாறு இணைந்தன.

வெங்கடேஷ் 1981இல் புதுதில்லியில் பிறந்து, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வளர்ந்தார். 13ஆம் அகவையில் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். குலக்கோட்பாட்டு அறிஞர் செரில் பிரேகர் அவருக்கு வழிகாட்டினார். 1997இல் முதல் வகுப்புச் சிறப்புப் பட்டம் பெற்று, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் சார்னக்கின் மேற்பார்வையில் 2002இல் முனைவரானார். லாங்லாந்ஸ் முன்வைத்த கருத்தொன்றையே அவரது ஆய்வேடு வளர்த்தெடுத்தது. எனினும், தம் திறன்மீது ஐயங்கொண்டு, கணித ஆய்விலிருந்து விலகவும் அக்காலத்தில் எண்ணியவர் அவர்.

அவ்வையத்தைக் கடந்து அவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கூரண்ட் நிறுவனம், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பணியாற்றினார். 2018இல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் பேராசிரியரானார். அவரது முதன்மையான முடிவுகள் பல, எலன்பெர்க், மிஷெல், ஐன்சீட்லர், லிண்டென்ஸ்ட்ராஸ் முதலியோருடன் இணைந்து கண்டவை. 2008இல் இராமானுஜன் வளர்ந்த கும்பகோணத்தில் சாஸ்த்ரா இராமானுஜன் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. 2018இல் ரியோ டி ஜெனிரோவில் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். எண் கோட்பாடு, உருவகிப்புக் கோட்பாடு, இயங்கியல், இடவியல் ஆகியவற்றை ஒன்றிணைத்தமைக்காகவே அச்சிறப்பு அளிக்கப்பட்டது.

பதின்மூன்று வயதுப் பல்கலைக்கழக மாணவன் என்னும் செய்தி வியப்பளிப்பதே. ஆயினும் அவ்வியப்பு அவரை உருவாக்கிய ஆசிரியரையும் நிறுவனங்களையும் உடனாய்வாளரையும் மறைத்துவிடக் கூடாது. இராமானுஜனுக்கும் கேம்பிரிட்ஜில் ஹார்டி வாய்த்தார். ஜெஞ்சாரோம் போன்ற சிற்றூர்களில் தமிழ்வழிக் கணிதம் கற்கும் மாணவர்க்கு எட்டாத மேதைமையைக் காட்டுவதினும், ஐயுற்ற மாணவரும் தக்க துணையால் உயர்ந்த வரலாற்றை எடுத்துரைப்பதே பயன்தரும் எனலாம்.