சிம்சன் பட்டறையில் ஒரு விமானம்

சோழவரத்தைத் தாண்டும்போது அப்பா தவறாமல் கையை நீட்டிக் காட்டுவார். "அங்கதான்டா கார் ரேஸ் உடுவாங்க. அதுக்கு முன்னாடி ஏரோப்ளேன் எறங்குன எடம்." ரெட்ஹில்ஸிலிருந்து கும்மிடிப்பூண்டி போகிற பஸ். நான் ஜன்னலோரம். நூறு முறையாவது எட்டிப் பார்த்திருப்பேன். ஒரு முறைகூட ஒரு விமானமும் தெரிந்ததில்லை.

அப்பா சொன்னது உண்மைதான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போடப்பட்ட ஓடுபாதை அது. போர் முடிந்ததும் சும்மா கிடந்த கான்கிரீட்டில் மெட்ராஸ்காரர்கள் கார் ஓட்டத் தொடங்கினார்கள். 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவாகி, முப்பது வருஷத்துக்கும் மேல் சோழவரம் என்றாலே ரேஸ் என்றானது.

அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபிட்டர். தகட்டு வேலை. டேங்க், டக்ட், மெஷின் கவர் என்று முப்பது வருஷம் தகட்டை வெட்டி, வளைத்து, ஓட்டை போட்டு, ரிவிட் அடித்தவர். நான் இன்ஜினியரிங் படித்துவிட்டு சாஃப்ட்வேருக்குப் போனவன். அவர் செய்த ஒரு பொருளைக்கூட என்னால் செய்ய முடியாது. நான் செய்யும் எதையும் அவரால் தொட்டுப் பார்க்க முடியாது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ராத்திரி, வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ஒற்றை ஆள் உட்காரும் குட்டி விமானம். பாகங்களாக வாங்கி, கார் ஷெட்டில் வைத்து, சனி ஞாயிறுகளில் கட்டி, ஒருநாள் தானே ஏறிப் பறப்பது. அமெரிக்காவில் ஆரம்பித்த தேடல் சுற்றிச் சுற்றி நம்ம தீவுத்திடலுக்கு வந்து நின்றது.

*

ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் கார்சிகா தீவுக்காரர். மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தியவர். 1909 ஜூலை 25 அன்று லூயி பிளெரியோ 25 குதிரைசக்தி எஞ்சின் வைத்த ஒற்றை இருக்கை விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினார். அந்தச் செய்தி உலகம் முழுக்கப் பலரைத் தூங்க விடவில்லை. அவர்களில் ஒருவர் நம்ம ஹோட்டல்காரர். தானே ஒரு இரட்டை இறக்கை விமானத்தை வடிவமைத்தார். சிம்சன் கம்பெனி அதைச் செய்துகொடுத்தது. பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். 1910 மார்ச்சில் தீவுத்திடலில் டிக்கெட் போட்டு ஜனங்களுக்குப் பறந்து காட்டினார். பிளெரியோ பறந்து அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

நாம் படித்த பொது அறிவுப் புத்தகங்களில் இந்திய விமான வரலாறு 1911 பிப்ரவரி 18-இல் தொடங்கும். அலகாபாத்திலிருந்து ஆன்ரி பெக்கே சுமார் 6,500 கடிதங்களோடு நைனிக்குப் பறந்த நாள். பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. உலகின் முதல் அதிகாரப்பூர்வ விமானத் தபால் அது. பெருமைப்பட வேண்டிய விஷயம், சந்தேகமில்லை. ஆனால் மெட்ராஸ் விமானம் பறந்தது அதற்கு பதினோரு மாதம் முன்னால். ஏன் அலகாபாத் நினைவில் நின்றது, தீவுத்திடல் நிற்கவில்லை?

எனக்குத் தோன்றும் பதில் ரொம்ப எளிமையானது. அலகாபாத் கடிதங்கள் ஒவ்வொன்றின் மேலும் தபால்துறை முத்திரை குத்தியிருந்தது. அரசாங்கமே கையெழுத்துப் போட்ட 6,500 சாட்சிகள். தீவுத்திடலில் இருந்ததோ டிக்கெட் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்த்த ஜனம். வேடிக்கை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இதை அப்பாவிடம் போனில் ரொம்ப உற்சாகமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"டிசைன் அவரு பண்ணாரு, சரி. செஞ்சது யாரு?"

"சிம்சன் கம்பெனிப்பா."

"கம்பெனி எப்பிடிடா செய்யும்? ஆளுங்கதான செய்வாங்க."

*

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சிம்சன் 1840-இல் தொடங்கிய கம்பெனி. குதிரை வண்டி கட்டுவதுதான் ஆதித் தொழில். 1903-இல் அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் கார் ஒன்றையே செய்தார். அப்படிப்பட்ட ஒரு பட்டறைக்கு 1910-இல் விமானம் எப்படிப்பட்ட வேலையாக இருந்திருக்கும்?

அந்தக் காலத்து விமானம் என்பது பெரும்பாலும் மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி, எல்லாவற்றையும் விறைப்பாகப் பிடித்துவைக்கும் கம்பி. சாரட் வண்டி கட்டுகிறவனுக்கு இது மூன்றும் தெரியும். மரத்தை எங்கே வளைக்கலாம், எங்கே வளைத்தால் உடையும் என்று தெரியும். கூரைத் துணியைச் சுருக்கமில்லாமல் இழுக்கத் தெரியும். எடையைக் குறைத்து, ஆனால் பள்ளத்தில் விழுந்தாலும் உடையாத சட்டம் போடத் தெரியும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும்கூட ஆரம்பகால விமானங்களைக் கட்டியவர்கள் சைக்கிள்காரர்களும் தச்சர்களும்தான். ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். ஆக, மெட்ராஸில் விமானம் செய்யக் கைகள் தயாராகவே இருந்தன. அந்தக் கதையில் பெயரோடு வருவது ஒரு முதலாளியும் ஒரு கம்பெனியும். இறக்கைத் துணியைத் தைத்தவருக்கு அதில் இடமில்லை.

அதே சமயம் பாரிஸில் இன்னொருவர் வேறொரு காரியம் செய்தார். பிரேசில்காரரான சாந்தோஸ் துமோன், தெமுவாசெல் என்ற ஒற்றை ஆள் விமானத்தைச் செய்திருந்தார். இறக்கை சுமார் 5 மீட்டர். உடல் மூங்கில். ஆமாம், நம்ம பந்தல்காரர்கள் கட்டும் அதே மூங்கில். ஓட்டுகிறவர் இறக்கைக்குக் கீழே, கிட்டத்தட்ட தரையை உரசியபடி உட்கார வேண்டும். அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று வரைபடத்தைத் திறந்துவிட்டார். 1910 ஜூன், ஜூலை மாதங்களில் அமெரிக்காவின் பாப்புலர் மெக்கானிக்ஸ் இதழ் அளவுகளோடு அதை வெளியிட்டது. எங்கள் தொழிலில் ஓப்பன் சோர்ஸ் என்று பெருமை பேசுவோமே, அது இவர் செய்து எண்பது வருஷத்துக்கும் மேல் கழித்து வந்த சொல்.

*

ஆனால் வானத்தில் பறக்கும் ஓப்பன் சோர்ஸுக்கு ஒரு சிக்கல் உண்டு. என் கோடில் பிழை இருந்தால் ஆப் நின்றுபோகும், மறுபடி திறந்துகொள்ளலாம். இங்கே அப்படியில்லை.

1934-இல் பிரான்ஸில் ஆன்ரி மின்யே என்பவர் ஒரு புத்தகம் போட்டார். 'வானத்துத் தெள்ளுப்பூச்சி' என்று பெயர் வைத்த தன் குட்டி விமானத்தை யாரும் வீட்டில் செய்துகொள்ளலாம், மரப்பெட்டி செய்யத் தெரிந்தால் போதும் என்ற தைரியத்தைக் கொடுத்த புத்தகம். பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் நிறையப் பேர் கட்ட ஆரம்பித்தார்கள். ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள். ஒவ்வொரு விபத்தும் ஒரே மாதிரி. விமானம் மூக்கைக் கீழே சாய்க்கும், பிறகு நிமிரவே நிமிராது.

1936-இல் இரண்டு நாடுகளிலும் அதைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். அதில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு இறக்கைகள். நடுவில் குறுகலான இடைவெளி. ஒரு கோணத்துக்கு மேல் மூக்கு சாய்ந்ததும், முன்னிறக்கையைத் தூக்கினால் இடைவெளியில் பாயும் காற்று பின்னிறக்கையின் தூக்குவிசையைக் கூட்டிவிடும். அதாவது, பயந்துபோய் ஓட்டுகிறவர் குச்சியைத் தன் பக்கம் இழுக்க இழுக்க, மூக்கு இன்னும் கீழே போகும். எந்தக் கை உயிரைக் காப்பாற்ற வேண்டுமோ அதே கை கொல்லும். கட்டியவர்கள் மேல் தப்பே இல்லை. வரைபடத்தில் எப்படி இருந்ததோ அப்படியே ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள்.

பிரிட்டன் அதற்கு அனுமதி கொடுப்பதை நிறுத்தியது. அரசாங்கம் என்றாலே எரிச்சலாகப் பேசும் என்னைப் போன்றவர்கள் இந்தக் கதையை இரண்டு முறை படிக்க வேண்டும். முத்திரைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது.

அமெரிக்கா இதற்கு நடுவழி ஒன்று கண்டுபிடித்தது. 1953-இல் பால் போபரெஸ்னி என்பவர் மில்வாக்கியில் வீட்டு விமானக்காரர்களுக்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார். அங்கே சட்டத்திலும் ஒரு தனி வகை உண்டு. விமானத்தின் பெரும்பகுதியை, பேச்சுவழக்கில் 51 சதவீதத்தை, கற்பதற்காகவும் பொழுதுபோக்குக்காகவும் நீயே கட்டியிருக்க வேண்டும். கதவுப் பக்கம் 'எக்ஸ்பெரிமென்டல்' என்று பெரிதாக எழுத வேண்டும். முதல் சில பத்து மணி நேரம் ஆளில்லாத பகுதியில் மட்டும் பறந்து நிரூபிக்க வேண்டும். 'இது பாதுகாப்பானது' என்று அரசாங்கம் சொல்வதில்லை. 'இது சோதனை. ஏறுகிறவருக்கு அது தெரியும்' என்கிறது. 1971-இல் ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வென் பறக்கவிட்ட ஆர்வி-3 என்ற ஒற்றை இருக்கை அலுமினிய விமானமும், அதிலிருந்து வளர்ந்த கிட் விமானக் கம்பெனியும் இந்த இடைவெளியில் முளைத்தவைதான்.

அப்படி ஒரு கிட் கட்டும் வீடியோவை ஒரு தீபாவளி லீவில் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு ஆள் மணிக்கணக்கில் அலுமினியத் தகட்டின் ஓட்டைகளைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். எனக்கு போரடித்தது. தள்ளிவிடப் போனேன். அப்பா கையைப் பிடித்தார்.

"இரு இரு. ஓட்டை போடறது வேலை இல்லடா. பிசிறு எடுக்கறதுதான் வேலை."

அது நூற்றுக்கு நூறு உண்மை. டிரில் போட்ட ஓட்டையின் விளிம்பில் நிற்கும் சிறு பிசிறிலிருந்துதான் விரிசல் தொடங்கும். ஒவ்வொரு முறை இறக்கை அதிரும்போதும் அது கொஞ்சம் நீளும். ஒரு குட்டி விமானத்தில் ரிவிட்டுகள் ஆயிரக்கணக்கில். அத்தனை ஓட்டையும் இரண்டு பக்கமும் பிசிறு எடுக்க வேண்டும். அப்பா வீடியோவை முழுசாகப் பார்த்தார். ரிவிட்டின் பின்னால் இரும்புக் கட்டையைப் பிடிக்கும் இடத்தில் மட்டும் "கட்டைய சாச்சிப் புடிக்கறான், தல கோணிக்கும்" என்றார். அடுத்த நிமிஷம் வீடியோவில் அந்த ஆள் அந்த ரிவிட்டைத் துளையிட்டு எடுத்துவிட்டுப் புதிதாக அடித்தார்.

*

நம்ம ஊரில் கை இல்லாமல் இல்லை. சோழவரத்தில் ஓடிய கார்களே பாதி இங்கே பட்டறைகளில் பிறந்தவை. ஃபியட்டையும் அம்பாசடரையும் பிரித்துப்போட்டு ரேஸ் கார் செய்தார்கள். அந்தத் தலைமுறையில் பெரிய கை கோயம்புத்தூர் கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பத்துக்காரர், சோழவரத்தில் ஓட்டியவர். மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார். 2005-இல் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் ரேஸ் பழகியது அந்தக் காரில்தான். கரிவரதனுக்கு விமானமும் பிடிக்கும். 1995-இல் விமான விபத்தில் இறந்தார். கோவையின் ரேஸ் டிராக்குக்கு இன்று அவர் பெயர்.

கேரளத்தின் தொடுபுழா பக்கத்தைச் சேர்ந்த சஜி தாமஸ் பிறவியிலேயே காது கேளாதவர், பேச்சும் வராது. பள்ளிப் படிப்பை ஏழாம் வகுப்போடு விட்டவர். வருஷக்கணக்கில் சேர்த்த காசில் சிறு விமானம் ஒன்றைக் கட்டினார். அதைப் பறக்கவிட ஓடுபாதை வேண்டுமே? மலையைத் தாண்டி நம்ம மணிமுத்தாறுக்குக் கொண்டுவந்தார். அங்கே ஒரு ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரியின் தனியார் ஓடுபாதை இருந்தது. 2014-இல் அது பறந்தது. 2017-இல் வந்த மலையாளப் படம் 'விமானம்' அவர் வாழ்க்கையிலிருந்து எழுந்ததுதான்.

மும்பையில் பைலட்டான அமோல் யாதவ், காந்திவலியில் தான் குடியிருந்த கட்டடத்தின் மொட்டைமாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார். 2016-இல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அதை வைத்தார்கள். அதற்குப் பதிவு எண் கிடைத்தது 2017 நவம்பரில். பாராட்டு முதலில் வந்தது, காகிதம் அப்புறம்தான் வந்தது. மெட்ராஸ் ஹோட்டல்காரர் காலத்தில் கேட்பதற்கு ஆளே இல்லை. அமோல் காலத்தில் கேட்பதற்கு ஆள் மேல் ஆள்.

இந்தக் கதைகளை அடுக்கிப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. செய்யத் தெரியாததால் இங்கே எதுவும் நின்றதில்லை. தெள்ளுப்பூச்சியைத் தடுக்கும் சோதனைக்கூடமும், சஜி கொண்டுவந்ததை இறக்கி ஓட்டிப் பார்க்கும் ஓடுபாதையும், 'சோதனை' என்று எழுதிக்கொண்டு பறக்கும் அனுமதியும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடைப்பதில்லை. மணிமுத்தாறில் ஒரு தனி மனிதரின் நல்ல மனசு இருந்தது. நல்ல மனசை நம்பி எத்தனை பேர் விமானம் கட்ட முடியும்?

சோழவரம் ரேஸும் 1990 வாக்கில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார். போன மாசம் ஊருக்குப் போயிருந்தபோது அவருடைய பழைய டூல் பாக்ஸைத் திறந்து காட்டினார். மேல் தட்டில் பிசிறு எடுக்கும் கத்தி, பிடி தேய்ந்து பளபளவென்று இருந்தது.

"அந்தக் குட்டி ப்ளேனு எவ்ளோடா ஆவும்?" என்றார்.

சொன்னேன். சிரித்தார்.

"எஞ்சின் எல்லாம் உன் பாடு. ஒரே ஒரு ரெக்கை மட்டும் செஞ்சி பாக்கலாமா?"

அலுமினியத் தகடு எந்த கேஜ் வாங்க வேண்டும் என்று அப்போதே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுத ஆரம்பித்துவிட்டார். கீழே ஆள் கணக்கும் போட்டார். அவர், நான், அவரோடு வேலை பார்த்த இன்னும் இரண்டு பேர். நாலு பேருடைய பெயரும் அந்தக் காகிதத்தில் இருக்கிறது.