குடல் ஆபரேஷன்: தையலுக்குப் பிறகு வரும் செலவு

குடலில் ஆபரேஷன் முடிந்து தையல் போட்டுவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று பலரும் நினைப்பதுண்டு. உண்மையில் பயம் அதற்குப் பிறகுதான். இணைத்த இடம் விட்டுப்போனால் மலம் வயிற்றுக்குள் கசியும், சீழ் பிடிக்கும், உயிருக்கே ஆபத்தாகும்.

இந்தக் கசிவோடு டாக்டர்கள் நடத்தும் போராட்டம் பழையது. 1826-ல் பிரான்சைச் சேர்ந்த லெம்பேர், குடலின் வெளிப்பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டும்படி தைக்கும் முறையைச் சொன்னார். 1921-ல் அதே நாட்டின் ஆன்ரி ஹார்ட்மன் வேறு வழி காட்டினார். புற்றுநோய்ப் பகுதியை வெட்டியபின் இரு முனைகளையும் இணைக்கவே வேண்டாம், மேல்முனையை வயிற்றில் துளையிட்டு வெளியே வைத்துவிடலாம் என்றார். இணைப்பே இல்லாதபோது கசிவு ஏது? உயிர் பிழைத்தது. ஆனால் மலம் வயிற்றின் வழியே இறங்கும் வாழ்க்கையை நோயாளி ஏற்க வேண்டியிருந்தது.

கசிவு மட்டும்தான் பிரச்சனையா? இல்லை. ஆபரேஷனுக்குப் பின் குடல் சில நாட்கள் அசையாமல் கிடக்கும். வாயு பிரியும்வரை பட்டினி, மூக்கில் குழாய், கையில் டிரிப்ஸ், படுக்கையே கதி. பல பத்தாண்டுகள் இதுதான் வழக்கம். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், உடம்பு இளைக்கும்.

இந்த வழக்கங்களில் எது உண்மையில் தேவை என்று 1990-களில் ஆராய்ந்தவர் டென்மார்க் டாக்டர் ஹென்ரிக் கெலட். மூக்குக் குழாயை விட்டார். முதுகுத்தண்டு வழியே வலிமருந்து கொடுத்தார். சீக்கிரமே சாப்பிடவும் நடக்கவும் வைத்தார். ஒரு வாரத்துக்கு மேல் படுத்திருந்த காலம் போய், 2000-ல் அவர் குழு வெளியிட்ட 60 பேரின் கணக்கில் பாதிப்பேராவது 2 நாளில் வீடு திரும்பினர். சிலர் திரும்பவும் சேர்க்கப்பட்டதும் உண்டு.

இதில் பணம் எங்கே வருகிறது? கசிவு வந்தால் இரண்டாவது ஆபரேஷன், ஐசியூ, கூடுதல் மருந்து. பில்லில் வராத செலவும் உண்டு. நோயாளியின் சம்பளம் போகும், கூட இருப்பவரின் சம்பளமும் போகும். அரசு மருத்துவமனையில் அந்தப் படுக்கைக்காக இன்னொரு நோயாளி காத்திருப்பார். வணிகவியலில் வாய்ப்புச் செலவு என்பது இதைத்தான்.

16 சோதனைகளில் இருந்த 2376 பேரைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2014-ல் வந்தது. புதிய முறையில் சிக்கல்கள் சுமார் 40 சதவீதமும், தங்கும் காலம் 2 நாளுக்கு மேலும் குறைந்தன. பெரிதும் குறைந்தவை நுரையீரல், இதயம் போன்ற, தையலோடு சம்பந்தமில்லாத சிக்கல்கள். பழக்கத்தால் வந்த செலவைப் பழக்கத்தை மாற்றியே குறைக்க முடிந்தது. கசிவு மட்டும் இன்னும் அடங்கவில்லை. லெம்பேர் தொட்ட வேலை பாக்கி இருக்கிறது.