குசினியில் கிடக்கும் வரலாறு

1626ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் தமது ஆட்சிக்குட்பட்ட கரையோரப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தான். அவர்களுள் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியேற்றினான் என்பது வரலாறு. கிழக்கிலங்கைக் கிராமமொன்றில் பிறந்து, அங்கேயே ஆசிரியனாக இருக்கும் எனக்கு இது வெறும் பாடமல்ல.

ஒருநாள் இப்பாடத்தை முடித்துவிட்டு, நமது பேச்சில் கலந்துள்ள போர்த்துக்கேயச் சொற்களைக் கரும்பலகையில் எழுதினேன். மேசை, கதிரை, அலுமாரி, குசினி, விசுக்கோத்து, பாண். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். "நம்மளத் துரத்தின ஆக்கள்ர சொல்ல நாம ஏன் சேர் இன்னும் வெச்சிருக்கம்?" என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன் மணி அடித்துவிட்டது. அடித்தது நல்லதாகப் போயிற்று. அப்போது என்னிடம் பதில் இருக்கவில்லை.

பதிலைத் தேடியபோது என் நினைவு போனது கொழும்பில் வாழும் என் ராத்தாவின் குசினிக்கு. ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில் விடுமுறை கிடைத்தால் நான் கொட்டாஞ்சேனைக்கு ராத்தா வீட்டுக்குப் போய்விடுவேன். கிராமத்தில் எங்களுக்குப் பாண் என்றால் பேக்கரியில் வாங்குவது. போறணை என்றால் ஆளுயரச் செங்கற் சூளை. ராத்தாவோ ஒரு சிறிய மின்னடுப்பை வைத்துக்கொண்டு பணிஸும் கேக்கும் சுட்டாள். பெருநாளுக்கு முதல் நாள் இரவு அந்த ஒழுங்கை முழுவதும் ஏலமும் சாதிக்காயும் மணக்கும். அந்த மணத்தில் எத்தனை நாட்டுக் கப்பல்கள் இருந்தன என்பது அன்று எனக்குத் தெரியாது.

பாண் என்பது போர்த்துக்கேயரின் 'பாவ்'ங்' என்ற சொல்லின் வழி வந்தது. போறணை அவர்களது 'ஃபோர்னோ'. தமிழ்நாட்டுச் சகோதரர்கள் ரொட்டி, பிரெட் என்று சொல்லும்போது நாம் மட்டும் பாண் என்று சொல்வதற்கு இதுவே காரணம். ரவை, முந்திரிப் பருப்பு, பூசணித் தோசி, முட்டை மஞ்சட்கரு, பன்னீர் சேர்த்துச் செய்யும் லவ் கேக்கின் வேரும் அவர்களிடமே என்பர். 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கொண்டுவந்தவை வேறு. கொக்கிஸ் என்று நாம் பொரிப்பது அவர்களது 'கூக்யெஸ்' என்ற சொல்லே. புரூடர் எனப்படும், வெண்ணெயும் முட்டையும் முந்திரிகை வற்றலும் சேர்ந்த இனிப்புப் பாணும் அவர்களுடையது. பள்ளம் பள்ளமாக வரியிட்ட அச்சில் சுட்டு, நத்தார்க் காலையில் பாற்கட்டியோடும் வாழைப்பழத்தோடும் பறங்கியர் உண்பர். 1757இல் திறக்கப்பட்ட வுல்ஃபென்டால் தேவாலயம் கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கிறது. அதைக் கட்டிய ஆட்சி 1796இல் போயிற்று, புரூடர் போகவில்லை.

அதே ஒல்லாந்தர் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து நாடுகடத்தியும் படைவீரராகவும் கொண்டுவந்தவர்களே நம் மலாய்ச் சகோதரர்களின் முன்னோர். தொதல் அவர்களோடு வந்தது. நமது பெருநாளின் அடையாளம் என்று நாம் பெருமைப்படும் வட்டிலப்பமும் முட்டை, தேங்காய்ப்பால், இனிப்பு ஆகியவற்றாலான மலாய்ப் பண்டமான 'செரிகாயா'வின் உறவு என்றே கருதப்படுகிறது. கித்துல் கருப்பட்டி சேர்ந்தது இந்த மண்ணில். எது நமது, எது அந்நியம் என்று கோடு கிழிக்கப் புறப்பட்டால் பெருநாட் பீங்கானில் மிஞ்சுவது சொற்பமே.

ஆயினும் மாப்பண்டங்கள் எல்லா வீட்டுக்கும் வந்தது அண்மையில்தான். இலங்கையில் கோதுமை விளைவதில்லை. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போக, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டில் கோதுமை மா கொடுக்கப்பட்டது. சோறும் பிட்டும் உண்ட வீடுகள் பாணுக்குப் பழகின. 1973, 74ஆம் ஆண்டுகளில் அதே பாணுக்காக விடியுமுன் வரிசையில் நின்ற கதையை எங்கள் வாப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். 1980இல் திருகோணமலையில் பிரீமா மாவாலை இயங்கத் தொடங்கியபின் மா தாராளமாயிற்று. பஞ்சத்தின் உணவாக வந்தது பண்டிகையின் உணவாகவும் ஆயிற்று.

நமது பெண்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அந்நாளில் அப்ப மாவையும் பாண் மாவையும் கள் விட்டுப் புளிக்க வைப்பது பரவலான வழக்கம். நம் வீடுகளில் அதற்கு இடமில்லை. எங்கள் உம்மம்மா தேங்காய்த் தண்ணீரில் சீனி கரைத்து, இரவு முழுதும் மூடி வைத்து, அது நுரைத்ததும் மாவில் ஊற்றுவார். பின்னர் ஈஸ்ட் வந்தது. ராத்தா எனக்குச் சொல்லித் தந்த பக்குவமும் நுட்பமானதே. ஈஸ்ட் உயிருள்ளது. பால் கைபொறுக்கும் சூட்டுக்கு மேலே போனால் அது செத்துவிடும். வெண்ணெயும் சீனியும் கூடினால் மா மெதுவாகவே பொங்கும். ஆகவே அவசரப்படக் கூடாது. நன்றாகப் பிசைந்தால்தான் மாவில் உள்ள பசைத்தன்மை வலையாகி, உள்ளே பிறக்கும் காற்றைப் பிடித்து வைக்கும். பணிஸ் பஞ்சுபோல் இருப்பதன் இரகசியம் அதுதான்.

2022இல் மின்சாரம் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நின்றது. எரிவாயுவுக்கு வீதியெங்கும் வரிசை. மின்னடுப்பு பயனற்றுப் போகவே ராத்தா உம்மம்மாவின் வழிக்குத் திரும்பினாள். கனத்த சட்டியில் மணல் பரப்பி, அதனுள் தட்டத்தை வைத்து, கீழும் மூடியின் மேலும் சிரட்டைக் கரித் தணல் இட்டாள். கேக் ஒரு பக்கம் கருகியிருந்தது. ஆனாலும் வெந்திருந்தது.

இனி, எழுதத் தயங்கிய ஒன்றையும் எழுதுகிறேன். ராத்தாவின் பக்கத்து வீட்டில் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பம். பெருநாளைக்கு வட்டிலப்பம் போகும். நத்தாருக்குக் கேக்கும் புரூடரும் வரும். பீங்கானை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை என்பது இரு வீட்டுக்கும் பொதுவான வழக்கம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, நடந்துபோகும் தூரத்திலுள்ள கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. செய்தவர்கள் நமது பெயர்களைச் சுமந்தவர்கள். அன்றிலிருந்து அந்த ஒழுங்கையில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

ஜூன் தொடக்கத்தில் நோன்புப் பெருநாள் வந்தது. ராத்தா வட்டிலப்பம் அவித்து, பக்கத்து வீட்டுக்கான பீங்கானை மூடி மேசையில் வைத்தாள். "கொண்டு போனா என்ன நினைப்பாங்களோ, போகாட்டி என்ன நினைப்பாங்களோ" என்று அஸர் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று அது போகவில்லை. மறுநாள் நாங்களே சாப்பிட்டோம். என் வாழ்நாளில் நான் உண்ட பெருநாட் பண்டங்களில் தொண்டைக்குள் இறங்காதது அது ஒன்றுதான்.

அந்த ஆண்டு நத்தாருக்கு அந்த அக்கா தானே கதவைத் தட்டினார். கையில் இருந்தது ராத்தாவின் பழைய பீங்கான். போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தியதிலிருந்து அவர்கள் வீட்டில் கிடந்தது. அதில் நான்கு துண்டு புரூடர். "வெறும் பீங்கானாத் தரக்கூடாது என்று வெச்சிருந்தன்" என்றார். ராத்தா அழுதாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நான் எழுதமாட்டேன். பீங்கான் மட்டும் மீண்டும் போய் வருகிறது.

இனி அந்த மாணவிக்கு என் பதில். நம்மைத் துரத்தியவன் தளபதி. பாண் சுடக் கற்றுத் தந்தது அவனல்ல. அவன் போனபின்னும் இந்த மண்ணில் தங்கிய சமையற்காரனும் பேக்கரிக்காரனும் பக்கத்து வீட்டுப் பறங்கிப் பெண்ணுமே என்பது என் எண்ணம். சொல்லை நாம் அயலவரிடமிருந்துதான் பெற்றோம்.

1929இல் ஹில்டா டொய்ட்ரம் தொகுத்த சிலோன் டெய்லி நியூஸ் சமையல் நூலின் வழியே கொழும்பு மேட்டுக்குடி வீடுகளின் பக்குவங்கள் அச்சேறின. நமது பெண்களுடையவை அப்பியாசக் கொப்பிகளில், எண்ணெய் பட்ட தாள்களில் கிடக்கின்றன. போரால் இடம்பெயர்ந்து வெள்ளவத்தை மாடிவீடுகளுக்கு வந்து, கேக் சுட்டு விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த வடபுலத்துத் தாய்மாரின் கதையும் இன்னும் எழுதப்படவில்லை. நமது ஆய்வாளர்கள் கல்வெட்டையும் கப்பலையும் தேடுகிறார்கள், தேடட்டும். அத்தோடு உம்மாமாரிடமும் ஒரு கொப்பியோடு உட்கார வேண்டும். எங்கள் உம்மம்மா தேங்காய்த் தண்ணீரில் எவ்வளவு சீனி கரைத்தார் என்று நான் கேட்டு வைக்கவில்லை. இப்போது கேட்பதற்கு அவர் இல்லை. அடுத்த தவணை, என் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாற்று ஒப்படையாக இதைத்தான் கொடுக்கப் போகிறேன்.